டானிக் என்று நான் சொன்ன தண்ணீர்

எங்கள் வீட்டு பால்கனியில் இருந்த கறிவேப்பிலைச் செடியைக் கொன்றது நான்தான். பூச்சி இல்லை, ஹைதராபாத் வெயில் இல்லை, பக்கத்து வீட்டுப் பூனையும் இல்லை. மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்து, ஊர் ஊராகப் போய் 'உரத்தை அளவோடு போடுங்கள்' என்று விவசாயிகளுக்கு வகுப்பெடுத்த நான், என் கையால் ஒரு பிடி யூரியாவை அள்ளி அந்தத் தொட்டியில் போட்டேன். இரண்டு கொத்து சீக்கிரம் துளிர்க்கட்டுமே என்ற ஆசைதான். உரம் அளவு மீறினால் வேர் மண்ணிலிருந்து தண்ணீர் குடிப்பது போய், மண் வேரிலிருந்து தண்ணீரைக் குடிக்க ஆரம்பித்துவிடும். இதை நான் எத்தனையோ கூட்டங்களில் படம் போட்டு விளக்கியிருக்கிறேன். செடி அந்தக் கூட்டங்களுக்கு வந்ததில்லை. பேசாமல் கருகிவிட்டது.

அன்று முதல் எங்கள் வீட்டில் ரசம் தாளிக்கும்போதெல்லாம் அடுப்படியிலிருந்து ஒரு குரல் வரும்: "சயின்டிஸ்ட், பக்கத்து வீட்ல ரெண்டு கொத்து கறிவேப்பில வாங்கிட்டு வாங்க." அந்த வீட்டுக்காரர் ஒரு பேங்க் ஊழியர். தன் செடிக்கு அரிசி கழுவிய தண்ணீர் தவிர வேறெதுவும் காட்டாதவர். பறித்துக் கொடுக்கும்போது அவர் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு இருக்கும். நான் அதைப் பார்க்காத மாதிரி வாங்கிக்கொள்வேன்.

இப்பேர்ப்பட்ட ஆளிடம்தான் நம் கூடத்தின் தலைவி, உங்களுக்கும் எனக்கும் மேடம், 'புதுசா சேந்த பசங்களுக்கு ஏதாவது எழுதிக் குடு' என்று கேட்டிருக்கிறார். நான் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு போனதில் கூடத்துக்கு நல்லதுதான் நடந்தது என்று நினைத்திருந்தேன். விடமாட்டார் போலிருக்கிறது. கருவிகளை எப்படி ஓட்டுவது என்று உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். எனக்கு அழுத்தமான அனுபவம் உள்ள துறை ஒன்றே ஒன்று: தப்பு செய்வது. அதில் பெரியது ஒன்றைச் சொல்கிறேன்.

குஷாய்குடாவில் நம் கூடத்துக்கு வருகிறவர்கள் இரண்டு வகை என்பதை இதற்குள் பார்த்திருப்பீர்கள். ஒன்று, விவசாயிகள். மண்ணைப் பிளாஸ்டிக் பையில் கட்டிக்கொண்டு வந்து, 'எவ்வளவு மூட்டை போடணும், அத மட்டும் சொல்லுங்க' என்பார்கள். இரண்டாவது வகை, ஏ.எஸ்.ராவ் நகரில் வீடு கட்டிக் குடியிருக்கும் ஓய்வு பெற்ற இன்ஜினியர்கள். இவர்கள் தோட்டம் போடுவதற்கும் ராக்கெட் விடுவதற்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. மண்ணுக்கு வெப்பமானி வைப்பார்கள். உரத்தை நகைக்கடைத் தராசில் நிறுப்பார்கள். நிறுத்துவிட்டு, 'எதுக்கும் இருக்கட்டும்' என்று இன்னொரு பங்கு சேர்த்துப் போடுவார்கள்.

ஆவுடையப்பன் சார் இரண்டாவது வகையில் முதல் ஆள். திருநெல்வேலிக்காரர். மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் தெருவில் ஆண்டுதோறும் அழகுத் தோட்டப் போட்டி நடக்கும். கோப்பை ஒரு சாதாரண ஸ்டீல் கிண்ணம். அதற்காகத் தெருவே யூரியா வாங்கும். உரம் பற்றி அந்தத் தெரு சங்கத்தில் உரையாற்றி, நான்கு விதமான உரங்களின் பெயரை அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தது யார் என்று கேட்காதீர்கள். சால்வையெல்லாம் போர்த்தினார்கள்.

ஒரு நாள் ஆவுடையப்பன் சார் தன் வீட்டு போர் தண்ணீரை ஒரு பாட்டிலில் கொண்டுவந்தார். பாட்டிலைக் கழுவி, காயவைத்து, மூடிக்கு மேல் டேப் ஒட்டி, தேதி எழுதியிருந்தார்.

"தோட்டத்துக்குப் பாய்ச்சுத தண்ணி சார். செக் பண்ணிச் சொல்லுங்க. மக பிள்ளைப்பேறுக்கு வந்திருக்கா. அவளுக்கு நம்ம வீட்டுக் கீரையே குடுக்கணும்னு பாக்கேன்."

மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். இதை அவர் என் முகத்துக்கு நேராகச் சொன்னார். நான் கேட்டதோ கீரை என்ற சொல்லை மட்டும்.

முடிவு வந்தது. தண்ணீரில் நைட்ரேட் ஏகமாக இருந்தது. இங்கே நம் தொழிலின் புத்தியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பாசனத் தண்ணீரில் நைட்ரேட் இருந்தால் பயிருக்கு அது இலவச உரம். அந்த அளவுக்கு யூரியாவைக் குறைத்துக்கொள்ளலாம். மண் பார்க்கிறவன் அந்த எண்ணைப் பார்த்தால் இலையைத்தான் நினைப்பான், தொண்டையை நினைக்க மாட்டான். போதாததற்கு நான் ஒரு ஜோக்கர் வேறு. கவுன்டரில் யாராவது இருந்தால் நாக்கு சும்மா இருக்காது.

"சார், இது தண்ணியே இல்ல, டானிக். இந்த மாதிரி தண்ணிய நான் பாத்ததே இல்ல. இனிமே நீங்க யூரியா மூட்டைக்கு குட்பை சொல்லிடலாம்."

ஆவுடையப்பன் சார் சிரிக்கவில்லை. தரக் கட்டுப்பாட்டுக்காரர்கள் நகைச்சுவையைக் குறித்துக்கொள்வதில்லை, முடிவைத்தான் குறித்துக்கொள்வார்கள். "டானிக்," என்று தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டு, கைகூப்பிவிட்டுப் போனார். நானும் டீ குடிக்கப் போய்விட்டேன்.

பிறகு பேத்தி பிறந்தாள். தொட்டில் போடும் விசேஷத்துக்கு என்னை நேரில் வந்து அழைத்தார். ஞாயிற்றுக்கிழமை, சாப்பாடு பலமாக இருக்கும் என்று தெரிந்ததால் நானும் காலை டிபனை விட்டுவிட்டுப் போனேன்.

வாசலில் மாவிலைத் தோரணம். அதைத் தாண்டினால் கீரைப் பாத்தி. அந்தப் பாலக்கீரையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒவ்வொரு இலையும் யானைக் காது மாதிரி, கரும்பச்சையில். பாத்திக்குப் பக்கத்திலேயே போர் குழாய். மண்ணின் மேல் அங்கங்கே வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. நம் தொழிலில் உள்ளவன் அந்த வெள்ளையைப் பார்த்ததும் நின்றிருக்க வேண்டும். உள்ளேயிருந்து வடை வாசனை வந்தது. நான் நிற்கவில்லை.

வீட்டு ஹாலில் கோமதி, அவர் மகள், குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவளுடைய மாமியார். கோயம்புத்தூரிலிருந்து வந்தவர். பிரசவத்தைக் கோவையிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று அந்த அம்மா சொல்ல, ஆவுடையப்பன் சார், 'முதல் பிள்ளை அம்மா வீட்டுலதான், அதுவும் எங்க வீட்டுத் தண்ணிக்கும் காத்துக்கும் பிள்ள சும்மா கொழுகொழுன்னு வரும்' என்று வாதாடி ஜெயித்திருந்தார். இதை அவரே எனக்குப் பெருமையாகச் சொல்லியிருந்தார்.

என்னைக் கண்டதும் எழுந்து வந்து, இருந்த சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் அறிமுகப்படுத்தினார். "இவங்கதான் லேப் சார். நம்ம போர் தண்ணிய டானிக்குன்னு சொன்னது இவங்கதான். அன்னைக்கே ஆர்.ஓ. மெஷினை நிப்பாட்டிட்டேன். கேன் தண்ணியும் வேண்டாம்னுட்டேன். பிள்ளைக்குப் பால் டப்பா கரைக்குததுகூட இதுலதான்."

வடை என் வாயில் பாதியில் நின்றது.

"பச்சத் தண்ணி இல்ல சார், பயப்படாதீங்க," என்று என் முகத்தைத் தப்பாகப் படித்துவிட்டு அவர் தொடர்ந்தார். "கோமதி அம்மைக்குக் கண் ஆபரேஷன், அடுப்புப் பக்கம் போகப்பிடாது. அதனால தண்ணி இலாகா என்கிட்ட. நல்லா சுண்டச் சுண்டக் காய்ச்சுதேன். பாதிக்குப் பாதி வத்தினாத்தான் இறக்குவேன்."

இங்கே கொஞ்சம் நிறுத்தி, ஏன் எனக்கு வியர்த்தது என்று சொல்லிவிடுகிறேன். நைட்ரேட் அதிகமான தண்ணீரைப் பெரியவர்கள் குடித்தால் உடனே ஒன்றும் தெரியாது. சில மாதக் குழந்தைக்கு அப்படி இல்லை. அது ரத்தத்தில் போய், மூச்சுக்காற்றைச் சுமக்கும் வேலையைக் கெடுத்துவிடும். முற்றினால் உதடும் நகமும் நீலம் பூக்கும். காய்ச்சினால் கிருமி சாகும், ஆனால் நைட்ரேட் சாகாது. தண்ணீர் ஆவியாகப் போய்விடும், அது மட்டும் பாத்திரத்திலேயே தங்கும். ஆவுடையப்பன் சார் தினமும் அத்தனை அக்கறையாகச் சுண்டக் காய்ச்சியது நைட்ரேட் ரசம்.

குழந்தை சிணுங்கியது. "பசிக்கு. இந்தா வாரேன்," என்று அவர் உள்ளே போய், ஒரு ஸ்டீல் பிளாஸ்கிலிருந்து தண்ணீர் ஊற்றி, பாட்டிலில் பால் கலக்கிக்கொண்டு வந்தார்.

இப்போது நீங்கள் என் இடத்தில் இருந்தால் என்ன செய்வீர்கள்? வாயைத் திறந்து 'கொடுக்காதீர்கள்' என்று சொல்வீர்கள். நான் அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் செய்தேன். சபையில் முப்பது பேர் இருக்கிறார்கள், சம்பந்தியம்மா இருக்கிறார், அந்த மனிதரின் மானம் போய்விடும், என் மானம் அதற்கு முன்னாலேயே போய்விடும். இதெல்லாம் ஒரே நேரத்தில் மண்டைக்குள் ஓடியது.

"சார், நான் குடுக்கறேனே. கைராசிக்காரன்," என்று பாட்டிலைப் பறித்துக்கொண்டேன்.

பறித்தவன் குழந்தை பக்கம் போயிருக்க வேண்டும். நேராகப் பின்வாசல் வழியாக வெளியே போனேன். அங்கிருந்த மல்லிகைத் தொட்டியில் பாலை ஊற்றினேன். பிறகு மேடத்துக்கு போன் போட்டேன். அவர் தார்நாகாவில் வீட்டில் இருந்தார்.

மேடத்தின் தமிழை நீங்கள் இனிமேல்தான் பழக வேண்டும். செகந்திராபாத் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவர். 'ஹவ்' என்றால் ஆமாம், 'நக்கோ' என்றால் வேண்டாம். என் வயதுதான், அதனால் என்னைத் திட்டுவதில் அவருக்கு எந்தத் தடையும் இல்லை. நான் மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஹவ், புரிஞ்சுது. குழந்த எப்டி இருக்கு?"

"நல்லா அழுவுது மேடம்."

"அழுதா நல்லது. உதடு, நகம் என்ன கலர்?"

"பாக்கல."

"பின்ன என்னத்தப் பாத்த? தாய்ப்பால் இருக்கா, டப்பா மட்டும்தானா?"

"தெரியல."

"இப்ப எங்க நிக்கற?"

"மல்லிகைச் செடி பக்கத்துல."

"இத பாரு. நீ டாக்டர் இல்ல, குழந்தைக்கு என்ன ஆச்சுன்னு நீ யோசிக்காத. மொதல்ல பாட்டில் நிக்கணும். அப்புறம் டாக்டர். அதுக்கப்புறம் எவ்ளோ வேணா மன்னிப்புக் கேளு. உள்ள போய் அம்மாகாரிகிட்ட நேராச் சொல்லு. டிராமா நக்கோ."

டிராமா நக்கோ. மிகத் தெளிவான ஆணை. நான் உள்ளே போனேன். பாட்டில் எங்கே என்று கேட்டார்கள். கை தவறிவிட்டது என்றேன். "அதனால என்ன சார்," என்று ஆவுடையப்பன் சார் சிரித்த முகத்தோடு பிளாஸ்கை எடுத்தார். வீட்டில் இரண்டாவது பாட்டில் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

நான் பிளாஸ்கை வாங்கிப் பார்ப்பது போல் வாங்கி, கீழே போட்டேன். அது டங் என்று விழுந்து, உருண்டு, சம்பந்தியம்மாவின் காலடியில் போய் நின்றது. ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.

"விழுந்தாலும் ஒண்ணும் ஆவாது சார்," என்றார் ஆவுடையப்பன் சார். "நானே மூணு தடவ போட்டுப் பாத்துத்தான் வாங்கினேன்."

சம்பந்தியம்மா குனிந்து பிளாஸ்கை எடுத்து அவர் கையில் கொடுத்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார்.

இரண்டாவது பாட்டில் தயாராகிக்கொண்டிருந்தது. இனி கீழே போட என் கையில் எதுவும் இல்லை. கோமதி குழந்தையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனாள். அங்கே சந்தடி குறைவு. நான் பின்னாலேயே போனேன்.

"அங்கிள், நீங்க ஏன் பாட்டிலத் தூக்கிட்டு ஓடுனீங்க?"

"அம்மா, தண்ணியில நைட்ரேட்னு ஒண்ணு இருக்கும். செடிக்கு அது ரொம்ப அவசியமான ஒண்ணு. மண்ணுல யூரியா போட்டோம்னா, அதுல இருக்கற நைட்ரஜன் மெதுவா மாறி..."

"அங்கிள்."

"மழை பெஞ்சா அது கீழ எறங்கி நிலத்தடி நீருக்குப் போயி, அங்க வந்து..."

"அங்கிள். அந்தத் தண்ணி பாப்பாவுக்குக் குடுக்கலாமா, கூடாதா?"

"கூடாது."

ஒரு சொல். காலையிலிருந்து அந்த வீட்டில் நான் செய்த ஒரே உருப்படியான வேலை அந்தச் சொல்தான். கோமதி கேள்வி கேட்கவில்லை. கதவை நோக்கி, "அப்பா, பாட்டில் வேண்டாம், என்கிட்டயே குடிக்கறா," என்று குரல் கொடுத்தாள். பிறகு தணிந்த குரலில் என்னிடம், "இப்ப டாக்டர்தானே?" என்றாள். மேடம் சொன்ன வரிசையை அவள் கேட்காமலே பிடித்துவிட்டாள்.

"பகல்ல என் பால்தான். ராத்திரி ஒரு பாட்டில், விருந்தாளுங்க வந்தா ஒரு பாட்டில். அவ்ளோதான் அங்கிள்." சொல்லிக்கொண்டே குழந்தையின் விரல்களை விரித்து நகத்தைப் பார்த்தாள். "அத்தைக்குத் தெரிய வேண்டாம். அப்பாவை இத வச்சு ஆயுசுக்கும் பேசுவாங்க."

அத்தையிடம் சொன்ன காரணம், தடுப்பூசி போட்ட இடம் கொஞ்சம் சிவந்திருக்கிறது என்பது. விசேஷத்தன்றே என்ன அவசரம் என்று அந்த அம்மா கேட்பார் என்று நாங்கள் ஒத்திகை பார்த்து வைத்திருந்த பதில்களுக்கு வேலையே வரவில்லை. "போய்ட்டு வாங்க," என்றார், அவ்வளவுதான். குழந்தைக்கு ஒரு துண்டைக்கூட எடுத்துக் கொடுத்தார்.

குழந்தைகள் டாக்டரம்மா வீடும் கிளினிக்கும் மெயின் ரோட்டில் ஒன்றாகவே இருந்தது. தெலுங்குக்காரர். ஞாயிற்றுக்கிழமை என்று முகம் சுளிக்கவில்லை. நான் மேடத்தை போனில் பிடித்து அவரிடம் கொடுத்தேன். இருவரும் தெலுங்கில் வேகமாகப் பேசிக்கொண்டார்கள். எனக்குப் புரிந்தவரை என் பெயர் அதில் நல்லவிதமாக வரவில்லை. டாக்டர் குழந்தையின் உதட்டைப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார், மூச்சை எண்ணினார். பிறகு ரத்தம் எடுத்து, பரிசோதனைக்கு அனுப்புவதற்கு முன் ஒரு சொட்டை வெள்ளைத் தாளில் வைத்து எங்களுக்குக் காட்டினார். ரத்தம் கெட்டிருந்தால் சாக்லேட் மாதிரி பழுப்பாக இருக்குமாம்.

நான் வாழ்க்கையில் பாதியை நிறம் பார்த்தே கழித்தவன். மண்ணைக் கரைத்து, மருந்து விட்டு, அது மஞ்சளா நீலமா என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. அந்த ஒரு சொட்டுச் சிவப்பைப் போல் அழகான நிறத்தை நான் எந்தக் குழாயிலும் பார்த்ததில்லை.

"ஏம் காலேதம்மா," என்றார் டாக்டர். ஒன்றும் ஆகவில்லை. தாய்ப்பால் அதிகம், பாட்டில் குறைவு என்பதால் தப்பித்திருக்கிறது. அந்தத் தண்ணீரை உடனே நிறுத்த வேண்டும், இரண்டு நாள் கழித்து மறுபடி காட்ட வேண்டும். கோமதி அங்கேயே உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். நான் சுவரில் இருந்த தடுப்பூசி அட்டவணையை மனப்பாடம் செய்தேன்.

இனி ஆவுடையப்பன் சார். அவரிடம் நான் சொல்வதுதான் நியாயம் என்றாள் கோமதி. நியாயங்கள் எப்போதும் என் பக்கமே ஏன் வருகின்றன என்று தெரியவில்லை. சாப்பாடு முடிந்து சொந்தக்காரர்கள் படுத்திருந்தார்கள். அவர் கீரைப் பாத்தியில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். இந்த முறை நைட்ரஜன் எப்படி மாறுகிறது என்றெல்லாம் ஆரம்பிக்கவில்லை.

"சார், அந்தத் தண்ணி குழந்தைக்கு ஆகாது. நான் டானிக்குன்னு சொன்னது செடிக்கு. வேற யாரு குடிக்கறாங்கன்னு கேக்காம சொல்லிட்டேன். டாக்டர்கிட்ட காட்டியாச்சு, பாப்பா நல்லா இருக்கா."

அவர் குழாயை மூடினார்.

"அப்ப நான் சுண்டச் சுண்டக் காய்ச்சினது?"

இன்ஜினியர் அல்லவா, அவரே போட்டுப் பார்த்துக்கொண்டார். "தண்ணி போயிரும். அது போகாது. பாதியாச் சுண்டினா ரெண்டு மடங்கு." பாத்தி ஓரத்தில் அப்படியே உட்கார்ந்தார். "எம் பேத்திக்கு நானே கிண்டிக் குடுத்திருக்கேன்லா."

"தெரியாம சார். தெரிஞ்சிருக்க வேண்டியவன் நான்."

"அந்த நைட்ரேட் எங்க இருந்து வருது?"

நான் அவர் உட்கார்ந்திருந்த இடத்தையே காட்டினேன். போர் குழாயைச் சுற்றி வெள்ளையாகப் பூத்த உப்பு. அவருடைய யூரியா, எதிர்வீட்டுப் புல்தரைக்கு அவர்கள் போட்ட யூரியா, கோப்பைக்காகத் தெருவே போட்ட யூரியா. செப்டிக் டேங்குகளுக்கும் பங்கு உண்டு, எல்லாப் பழியையும் உரத்தின் தலையில் போட மாட்டேன். செடி குடித்தது கொஞ்சம். மிச்சம் மழையோடு கீழே இறங்கிக் கிணற்றில் சேர்ந்தது. ஒரு குச்சியால் மண்ணைக் குத்தினேன். மேலே ஓடு மாதிரி இறுகியிருந்தது. தோண்டிப் பார்த்தோம். ஒரு மண்புழு இல்லை. யானைக் காது இலைகளைத் திருப்பினால் அடியில் அசுவினிப் பூச்சி அப்பியிருந்தது. அளவுக்கு மிஞ்சித் தின்ற செடியின் இலை மெத்தென்று இருக்கும், பூச்சிக்கு அது கல்யாணச் சாப்பாடு. அப்படி வளர்ந்த கீரையிலும் அதே நைட்ரேட் தேங்கும்.

"எல்லார்ட்டயும் டானிக்குன்னு சொல்லிட்டேனே," என்றார். "நாலு வீட்டுல ஆர்.ஓ.வ நிப்பாட்டச் சொல்லியிருக்கேன்."

"வாங்க, போய் ஓட விடச் சொல்லுவோம்."

இருவரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருவில் இறங்கினோம். ஞாயிறு மதியத் தூக்கத்திலிருந்து ஒவ்வொரு வீடாக எழுப்பினோம். சொன்னதைத் திரும்ப வாங்குவது எவ்வளவு கஷ்டம் என்பதை அன்று படித்தேன். ஒரு ஓய்வு பெற்ற விஞ்ஞானி, "போன மாசம் டானிக்னீங்க, இன்னிக்கு விஷம்கறீங்க, அடுத்த மாசம் என்ன?" என்றார். அடுத்த மாதம் நான் இந்தத் தெருப்பக்கமே வரமாட்டேன் என்றேன். அவர் சிரித்துவிட்டு பாட்டிலில் தண்ணீர் பிடித்துக் கொடுத்தார். சோதித்ததில் இன்னும் சில வீட்டு போர்களும் அப்படித்தான் இருந்தன.

அந்தத் தெருவில் இப்போது போர் தண்ணீர் தோட்டத்துக்கு மட்டும், அதுவும் யூரியா இல்லாமல். தண்ணீரிலேயே இருப்பதைச் செடிகள் வருஷக்கணக்கில் குடிக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். மக்கிய இலையைப் போட்டு மண்ணைப் பொலபொலப்பாக்கினார்கள். ஆனால் இன்ஜினியர்கள் இன்ஜினியர்கள்தான். போட்டியை நிறுத்துவார்கள் என்று நினைத்தீர்களா? இப்போது யார் வீட்டு மண்ணில் மண்புழு அதிகம் என்று போட்டி. நடுவராக வரச் சொன்னார்கள். மண்புழு எண்ணிக்கொண்டு மண்டியிட்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்க இரண்டு பேர் கை கொடுக்க வேண்டியிருந்தது.

நம் கூடத்திலும் ஒன்று மாறியது. யார் தண்ணீர் கொண்டுவந்தாலும், எதற்காகக் கொண்டுவந்தாலும், பாட்டிலைத் தொடுவதற்கு முன் 'இந்தத் தண்ணிய யாரெல்லாம் குடிக்கறாங்க' என்று நீங்கள் கேட்கிறீர்களே, ஏன் என்று உங்களில் ஒருவர் மேடத்திடம் கேட்டாராம். அவர் சிரித்துவிட்டு, 'அத எழுத ஒரு ஆள் இருக்கான்' என்றாராம். இதுதான் ஏன். 'மாடு குடிக்குது சார்' என்று சிலர் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். பதிலை வாங்காமல் பாட்டிலை வாங்காதீர்கள். எண் மோசமாக இருந்தால், விளக்கத்தைக் கடைசியில் வைத்துக்கொண்டு 'கூடாது' என்பதை முதலில் சொல்லுங்கள். ஜோக் அடிக்க வேண்டாம் என்று சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு மட்டும் அடிக்காதீர்கள்.

சம்பந்தியம்மா விஷயம் பாக்கி இருக்கிறது. குழந்தைக்குக் காது குத்த மறுபடியும் எல்லோரும் அதே வீட்டில் கூடினார்கள். பேத்தி அதற்குள் தவழ்ந்து, கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். கன்னம் இரண்டும் ஆப்பிள் மாதிரி. நான் பந்தியில் உட்கார்ந்ததும் அந்த அம்மாவே ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

"பயப்படாமக் குடிங்க தம்பி. கேன் தண்ணிதானுங்க."

எனக்குப் புரை ஏறியது. "அம்மா, உங்களுக்கு..."

"மல்லிச் செடிக்குப் பால் ஊத்தறப்பவே சன்னல்ல நின்னு பாத்துட்டுத்தானுங்க இருந்தேன். போன்ல நீங்க கத்துனது கோயம்புத்தூருக்கே கேட்டிருக்குமுங்க. அப்பறம் நீங்க மூணு பேரும் எங்கிட்ட மறைக்கறதுக்குப் பட்ட பாட்டப் பாத்து எனக்கே பாவமாப் போச்சு."

"அப்ப ஏம்மா ஒண்ணுமே கேக்கல?"

"புள்ளையைத் தூக்கிட்டு டாக்டர்கிட்டப் போற நேரத்துல வாசல்ல நிறுத்தி வச்சு நாயம் பேசிட்டு இருப்பாங்களா? சம்பந்தி மேல எனக்கு வருத்தமில்லீங்க. அவரு தெரியாம, ஆசையிலதான் செஞ்சாரு." இலையில் ஒரு வடையை வைத்தார். "உங்ககிட்டத்தான் ஒண்ணு சொல்லோணும்னு இருந்தேன். தப்பா எடுத்துக்காதீங்க."

"சொல்லுங்கம்மா."

"மண்ணப் பத்தி உங்களுக்கு எல்லாமே தெரியுதுங்க தம்பி. அதுக்கு மேல மனுசன் குடியிருக்கறதுதான் தெரியலீங்க."